பரிசு 12 கோடி, கையில எவ்வளவு? டார்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பும் உங்க வேரியபிள் பே-யும்



டிசம்பர் மாசம் ராத்திரி ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போனீங்கன்னா இந்த வீடியோ கண்டிப்பா கண்ணுல பட்டிருக்கும். பெரிய ஹால். விதவிதமா வேஷம் போட்டுக்கிட்டு, கையில பீர் கிளாஸோட பாட்டு பாடுற கூட்டம். மேடையில ஒருத்தர் மட்டும் அமைதியா நின்னு ஒரு வட்டப் பலகை மேல மூணு அம்பு எறிவார். அறிவிப்பாளர் "ஒன் ஹண்ட்ரட் அண்ட் எய்ட்டி"ன்னு இழுத்துக் கத்துவார். ஹாலே எழுந்து குதிக்கும்.

அதுதான் பிடிசி உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப். லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்ற இடத்தில் வருஷா வருஷம் டிசம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். 2026 ஜனவரி 3-ஆம் தேதி நடந்த ஃபைனலில் ஜெயித்தவர் லூக் லிட்லர். வயசு 18. பரிசு 10 லட்சம் பவுண்ட். ஒரு பவுண்ட் 120 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கிட்டா, 12 கோடி ரூபாய்.

"சார், ஃபைனான்ஸ் பிளாக்ல எதுக்கு டார்ட்ஸ்?" காரணம் இருக்கு. ஒரு சிஏ கண்ணால பார்த்தா, இந்தப் போட்டி முழுக்க முழுக்க வேரியபிள் பே பத்தின பாடம். எப்போ வரும்னு தெரியாத பெரிய பணம் ஒரே நாளில் வந்தா என்ன ஆகும், அதுல எவ்வளவு நம்முடையது, அது எவ்வளவு நாள் நம்மைக் காப்பாத்தும் என்ற மூணு கேள்விக்கும் இங்கே பதில் இருக்கு. போனஸ், ஜாயினிங் போனஸ், ஜாப் ஸ்விட்ச் ஹைக் எல்லாத்துக்கும் அதே கேள்விகள்தான்.

முதல்ல ஆட்டம் என்னன்னு ரெண்டு நிமிஷம்

பலகையிலிருந்து 2.37 மீட்டர் தள்ளி நின்று எறியணும். ஒவ்வொருவருக்கும் கணக்கு 501-ல் ஆரம்பிக்கும். ஒரு முறைக்கு மூணு அம்பு. எடுத்த புள்ளிகளை 501-லிருந்து கழிச்சுக்கிட்டே வரணும். 20-க்கான பகுதியில் ஒரு குறுகிய வளையம் இருக்கு, அதுல பட்டா மூணு மடங்கு, அதாவது 60. மூணு அம்பும் அங்கேயே பட்டா 180. அதுக்குத்தான் அந்தக் கத்தல்.

ஆனா முடிக்கும்போது ஒரு நிபந்தனை. கடைசி அம்பு சரியா பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். அதுவும் வெளி ஓரத்தில் இருக்கும் இரட்டை மதிப்பு வளையத்திலோ, நட்ட நடு மையத்திலோ படணும். அஞ்சு தடவை 180 அடிச்சவர்கூட, கடைசி அம்பை முடிக்கத் தெரியலைன்னா தோத்துடுவார். நிறைய சம்பாதிச்சும் மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்காத நம்ம நண்பர்கள் ஞாபகத்துக்கு வர்றாங்க இல்ல?

5 மில்லியன் பவுண்ட் எப்படிப் பிரியுது?

1994-ல் இந்தப் போட்டி முதல் முறையா நடந்தப்போ ஜெயித்தவர் டென்னிஸ் பிரீஸ்ட்லி. அவருக்குக் கிடைத்தது 16,000 பவுண்ட். 2026-ல் மொத்தப் பரிசுத் தொகை 50 லட்சம் பவுண்ட், விளையாடினவங்க 128 பேர். பிரிச்ச விதம் இது:

ஜெயித்தவர்: 10,00,000 பவுண்ட்
ரன்னர்-அப்: 4,00,000
அரையிறுதியில் தோற்ற 2 பேர்: தலா 2,00,000
காலிறுதியில் தோற்ற 4 பேர்: தலா 1,00,000
நாலாவது சுற்றில் தோற்ற 8 பேர்: தலா 60,000
மூணாவது சுற்றில் தோற்ற 16 பேர்: தலா 35,000
ரெண்டாவது சுற்றில் தோற்ற 32 பேர்: தலா 25,000
முதல் சுற்றில் தோற்ற 64 பேர்: தலா 15,000

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, முதல் சாம்பியன் வாங்கின 16,000-க்குக் கிட்டத்தட்ட சமமா இன்னைக்கு முதல் சுற்றில் தோற்றவரே வாங்குறார். 32 வருஷத்தில் சாம்பியன் பரிசு 62.5 மடங்கு ஆகியிருக்கு. கூட்டு வளர்ச்சியில் சொன்னா ஆண்டுக்குச் சுமார் 13.8%. நல்ல ஈக்விட்டி ஃபண்ட் மாதிரியான வளர்ச்சி.

ரெண்டு, இது யாருக்கு வளர்ச்சி என்பது. ஒருத்தருக்கு மட்டும் மொத்தத்தில் 20%. மேலே இருக்கும் நாலு பேருக்குச் சேர்த்து 36%. பாதிப் பேர், அதாவது 64 பேர், 15,000 பவுண்டோட வீட்டுக்குப் போறாங்க. 18 லட்சம் ரூபாய்தானே, நல்ல தொகைதானேன்னு தோணும். ஆனா இவங்க யாருக்கும் மாசச் சம்பளம் கிடையாது. பிஎஃப் கிடையாது, கிராஜுட்டி கிடையாது, சிக் லீவ் கிடையாது. வருஷம் முழுக்க ஊர் ஊராப் போய் ஆடணும். ஃபிளைட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. மேனேஜர் இருந்தா அவருக்குக் கமிஷன். நம்ம பாஷையில் சொன்னா, ஃபிக்ஸட் பே பூஜ்யம், மொத்தமும் வேரியபிள்.

நம்ம ஊர் சம்பந்தமும் ஒண்ணு உண்டு. இதே போட்டியில் நிதின் குமார் முதல் சுற்றைத் தாண்டினார். இந்தப் போட்டியில் ஒரு மேட்ச் ஜெயித்த முதல் இந்தியர் அவர். மேலே இருக்கும் பட்டியல்படி அந்த ஒரு வெற்றி 15,000-ஐ 25,000 ஆக்கியது. ஒரே ஒரு மேட்ச், 12 லட்சம் ரூபாய் வித்தியாசம்.

ரேங்க் பட்டியலே ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்

இப்போதான் முக்கியமான இடம். கிரிக்கெட்டில் ரேங்க்கிங் என்றால் புள்ளிகள். டார்ட்ஸில் பணம். ஆர்டர் ஆஃப் மெரிட் என்று பேர். ரேங்க்கிங் போட்டிகளில் கடந்த ரெண்டு வருஷத்தில் நீங்க எத்தனை பவுண்ட் ஜெயிச்சீங்களோ அதன் கூட்டுத்தொகைதான் உங்க ரேங்க். ரெண்டு வருஷம் முடிஞ்ச பணம் பட்டியலிலிருந்து தானாக் கழிஞ்சிடும். பேங்க்ல இருக்கும் பணம் போகாது, ரேங்க் கணக்கிலிருந்து மட்டும் போகும். இதில் முதல் 64 இடங்களுக்குள் இருந்தா டூர் கார்டு, அதாவது தொடர்ந்து தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை, பத்திரமா இருக்கும்.

அதனால ஒவ்வொரு வீரரும் தலையில ரெண்டு எண்ணை வெச்சுக்கிட்டு ஆடுறார். இந்த வருஷம் எவ்வளவு சேரும், எவ்வளவு விழும்.

மைக்கேல் ஸ்மித் கதையைப் பாருங்க. 2023 ஜனவரியில் ஃபைனலில் மைக்கேல் வான் கெர்வனை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனார். அந்த ஃபைனலில் 501-ஐ ஒன்பதே அம்பில் முடிச்சுக் காட்டினார், அதுக்குக் குறைவா முடிக்கவே முடியாது. 5,00,000 பவுண்ட் பரிசு, உலக நம்பர் 1 இடம். ரெண்டு வருஷம் அந்த 5 லட்சம் அவர் ரேங்க்கைத் தாங்கிப் பிடித்தது.

2024 டிசம்பரில் தொடங்கிய போட்டிக்கு அவர் இரண்டாம் நிலை வீரராக வந்தார். ரெண்டாவது சுற்றில் நெதர்லாந்தின் கெவின் டூட்ஸிடம் 3-2 என்று தோற்றார். அந்த வருஷம் ரெண்டாவது சுற்றில் தோற்றால் 15,000 பவுண்ட். சேர்ந்தது 15,000, விழுந்தது 5,00,000. ஒரே ராத்திரியில் முதல் 10 இடங்களுக்கு வெளியே போயிட்டார்.

அந்த ராத்திரி அவர் ஆட்டம் திடீர்னு கெட்டுப் போயிடலை. நாலு செட் ஆளுக்கு ரெண்டா இருந்து கடைசி செட்டில் தோத்தது அவ்வளவுதான். ஆனா ரேங்க்கில் பெரும்பங்கு ஒரே ஒரு பரிசில் நின்னுக்கிட்டு இருந்தது. அது எந்தத் தேதியில் விழும்னு ரெண்டு வருஷம் முன்னாடியே எல்லாருக்கும் தெரியும்.

இந்தப் பட்டியலில் இன்னொரு வேடிக்கை, பணவீக்கக் கணக்கு கிடையாது. 2024 ஜனவரி ஃபைனலில் லூக் ஹம்ஃப்ரீஸிடம் தோற்ற 16 வயசு லிட்லருக்கு ரன்னர்-அப் பரிசு 2,00,000 பவுண்ட். 2026-ல் அரையிறுதியில் தோற்றாலே அதே 2,00,000. பழைய சாதனை பெருசு, ஆனா பட்டியலில் ரெண்டும் ஒரே எண். மூணு வருஷமா 60,000 சம்பளத்திலேயே நிக்கிறவருக்கு இது சொல்லாமலே புரியும்.

சரி, வரிக்கு வருவோம்

பிரிட்டனில் வாழும் ஒரு புது வீரர் 2026 ஜனவரியில் அரையிறுதி வரை வந்து 2,00,000 பவுண்ட் வாங்குறார் என்று வைத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை, செலவும் கழிக்கலை, போன வருஷம் வரி எதுவும் கட்டலை. இது யாருடைய நிஜக் கணக்கும் இல்லை, மாதிரிக் கணக்கு.

இங்கிலாந்தில் வருமானம் 1 லட்சம் பவுண்டைத் தாண்டினால் அடிப்படை வரிவிலக்கு குறைந்துகொண்டே போய், 1,25,140 பவுண்டில் பூஜ்யமாகிவிடும். 2025-26 விகிதப்படி:

முதல் 37,700-க்கு 20%: 7,540
அடுத்து 1,25,140 வரை 40%: 34,976
மீதி 74,860-க்கு 45%: 33,687
சுயதொழில் செய்பவர் கட்டும் தேசியக் காப்பீடு: சுமார் 5,257
மொத்தம்: சுமார் 81,460 பவுண்ட்

அதாவது 2.4 கோடி ரூபாயில் கிட்டத்தட்ட 98 லட்சம் அரசாங்கத்துக்கு. இதே முறையில் 10 லட்சம் பவுண்டுக்குப் போட்டா வரியும் காப்பீடும் சேர்ந்து சுமார் 4,57,460 பவுண்ட். தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: 12 கோடியில் கையில நிற்பது சுமார் 6.5 கோடி. மேனேஜர் கமிஷன், பயணச் செலவு எல்லாம் இதுக்குப் பிறகு.

ஆனா விகிதத்தைவிடத் தேதிதான் ஆபத்து. நம்ம வீரருக்கு டிடிஎஸ் மாதிரி யாரும் முன்கூட்டியே பிடிக்கலை. 2026 ஜனவரியில் வாங்கின பணத்துக்கு வரி கட்ட 2027 ஜனவரி 31 வரை நேரம். ஒரு வருஷத்துக்கு மேல முழு 2 லட்சமும் அக்கவுண்டில் தெரியும். ஆப் திறக்கும்போதெல்லாம் அது தன் பணம் மாதிரியே இருக்கும். கார் வாங்குவார், அம்மாவுக்கு வீடு பார்ப்பார். தப்பு சொல்ல முடியுமா?

2027 ஜனவரி 31 வரும்போது 81,460 மட்டும் கட்டினா போதாது. "போன வருஷம் இவ்வளவு சம்பாதிச்சீங்க, அடுத்த வருஷமும் அதே அளவு வரும்"னு வைத்துக்கிட்டு, அதில் பாதியை முன்பணமா அன்னைக்கே கேட்பாங்க. 40,730. ஆக, ஒரே நாளில் 1,22,190 பவுண்ட். ஜூலை 31-ல் இன்னொரு 40,730. ஆறு மாசத்தில் 1,62,920 பவுண்ட், வாங்கின 2 லட்சத்தில்!

முன்பணம் எங்கேயும் போகாது, அடுத்த வருஷ வரியில் கழியும். வருமானம் குறைஞ்சா குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் முடியும். ஆனா ஜனவரியில் கையில காசு இருந்தால்தானே அதெல்லாம் ஆறுதல்.

"நமக்குத்தான் டிடிஎஸ் பிடிச்சுடுறாங்களே?"

இப்படி நினைக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பகுதி. ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாசம் என்கிட்ட ரெண்டு ஃபார்ம் 16-ஓட சிலர் வருவாங்க. முகத்துல சந்தோஷம், நல்ல ஹைக் கிடைச்சு கம்பெனி மாறியிருப்பாங்க. கணக்குப் போட்டு முடிச்சதும் முகம் மாறும்.

2025-26 நிதியாண்டு, புது வரி முறையில் ஒரு உதாரணம். ஒரு தம்பி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாசம் 1 லட்சம், மொத்தம் 6 லட்சம். அக்டோபரில் புது வேலை, மாசம் 1.5 லட்சம், மார்ச் வரை 9 லட்சம்.

பழைய கம்பெனி என்ன நினைக்கும்? வருஷத்துக்கு 12 லட்சம், 75,000 நிலையான கழிவு போக 11.25 லட்சம். 12 லட்சம் வரை வரிச் சலுகை இருக்கு, டிடிஎஸ் பூஜ்யம்.

புது கம்பெனி என்ன நினைக்கும்? தம்பி பழைய சம்பளத்தைச் சொல்லலை. அதனால வருமானம் வெறும் 9 லட்சம், கழிவு போக 8.25 லட்சம். டிடிஎஸ் பூஜ்யம்.

வருமான வரித்துறை என்ன பார்க்கும்? மொத்தம் 15 லட்சம், கழிவு போக 14.25 லட்சம். சலுகை வரம்பைத் தாண்டியாச்சு.

முதல் 4 லட்சம்: வரி இல்லை
4 முதல் 8 லட்சம், 5%: 20,000
8 முதல் 12 லட்சம், 10%: 40,000
மீதி 2.25 லட்சம், 15%: 33,750
செஸ் 4%: 3,750
மொத்தம்: 97,500 ரூபாய்

பிடிச்ச டிடிஎஸ் பூஜ்யம், கட்ட வேண்டியது 97,500. இதோட முன்கூட்டிய வரி கட்டாததுக்கு மாசத்துக்கு 1% கணக்கில் வட்டி. ஜூலையில் கட்டினால் வட்டி மட்டும் 8,000 ரூபாயைத் தாண்டும். யாரும் இங்கே ஏமாத்தலை. ரெண்டு கம்பெனியும் தங்களுக்குத் தெரிஞ்ச கணக்கைத்தான் போட்டாங்க. அந்த ஆறு மாசம் அதிகமா வந்த டேக்-ஹோமில் தம்பி புது பைக் எடுத்திருப்பார், அவ்வளவுதான். அலெக்சாண்ட்ரா பேலஸ் வீரருக்கு ஜனவரி 31 எப்படியோ, நம்ம தம்பிக்கு ஜூலை 31 அப்படி.

இப்போ நீங்க செய்ய வேண்டியது

1. உங்க ஆர்டர் ஆஃப் மெரிட்டைப் போடுங்க. கடந்த 24 மாசத்தில் அக்கவுண்டில் வந்த பணத்தை எல்லாம் ஒரு ஷீட்டில் எழுதுங்க. மாசச் சம்பளம் ஒரு காலம். ஜாயினிங் போனஸ், ரிடென்ஷன் போனஸ், பெர்ஃபார்மன்ஸ் போனஸ், லீவ் என்கேஷ்மென்ட், சைடு வருமானம் இன்னொரு காலம். ரெண்டாவது காலத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, "இது திரும்ப வருமா?"ன்னு எழுதுங்க. ஜாயினிங் போனஸ் திரும்ப வராது. அது மைக்கேல் ஸ்மித்தின் 5 லட்சம் மாதிரி, இந்த வருஷக் கணக்கை அழகாக் காட்டிட்டு அடுத்த வருஷம் காணாமப் போயிடும்.

2. ஈஎம்ஐ எல்லாம் முதல் காலத்திலிருந்து மட்டும். ஃபிக்ஸட் டேக்-ஹோம் 70,000, வருஷ போனஸ் கைக்கு 2.4 லட்சம் என்று வைங்க. "மாசத்துக்குச் சராசரி 90,000"ன்னு மனசு கணக்குப் போடும். அதை நம்பி 18,000 கார் ஈஎம்ஐ போட்டா, கம்பெனி போனஸைப் பாதியாக் குறைச்ச வருஷம் அந்த 18,000 எங்கிருந்து வரும்? கார் வேணும்னா போனஸைச் சேர்த்து டவுன் பேமென்ட்டைப் பெருசாக்குங்க, ஈஎம்ஐயைச் சின்னதாக்குங்க.

3. வரி பிடிக்காம வந்த பணத்தில் 30 சதவீதத்தை அன்னைக்கே தனி அக்கவுண்டுக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ மாத்திடுங்க. ஃப்ரீலான்ஸ், யூடியூப், ஷேர் வித்த லாபம் எல்லாத்துக்கும் இதுதான். வரி கட்டின பிறகு மிச்சம் இருந்தா சந்தோஷம். டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல வரி வரும்னா ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய தேதிகளில் முன்கூட்டிய வரி கட்டணும். காலண்டரில் போட்டு வைங்க.

4. வேலை மாறினா முதல் வாரத்திலேயே பழைய சம்பளம், பழைய டிடிஎஸ் விவரத்தைப் புது ஹெச்ஆரிடம் எழுத்துல கொடுங்க. டேக்-ஹோம் குறையுமேன்னு மறைக்காதீங்க. அந்தப் பணம் உங்களுடையது இல்லை.

5. ஜாயினிங் போனஸ் லெட்டரை முழுசாப் படிங்க. ஒரு வருஷத்துக்குள்ள விலகினா திருப்பித் தரணும்னு பெரும்பாலும் எழுதியிருக்கும். சில இடங்களில் வரி பிடிக்கிறதுக்கு முந்தைய முழுத் தொகையையும் கேட்பாங்க. உங்க கைக்கு வந்தது 2.1 லட்சம், திருப்பிக் கேட்பது 3 லட்சம்! அந்தக் காலக்கெடு முடியும் வரை அது கடன்னு நினைச்சு எஃப்டியில் வைங்க.

6. எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவுன்னு உங்க வேரியபிள் பங்கைப் பார்த்து முடிவு பண்ணுங்க. சம்பளம் முழுக்க ஃபிக்ஸட்னா ஆறு மாசச் செலவு போதும். சேல்ஸ், கமிஷன் வேலைன்னா ஒன்பது முதல் பன்னிரண்டு மாசம். டார்ட்ஸ் வீரர் மாதிரி முழுக்க வேரியபிள்னா ஒரு வருஷத்துக்குக் குறைய வைக்கவே வைக்காதீங்க.

போனஸை அனுபவிக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. என் கணக்கு இது: வரி போக வந்த போனஸில் 20% மனசுக்குப் பிடிச்ச செலவு, 30% கடன் இருந்தா கடனுக்கு, மீதி 50% முதலீட்டுக்கு. கடன் இல்லாதவங்க 80 சதவீதத்தையும் முதலீட்டில் போடலாம். விகிதம் உங்க இஷ்டம். பணம் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வைங்க, வந்த பிறகு எழுத மனசு வராது.

கடைசியா ஒரு தேதி. 2025 ஜனவரியில் லிட்லர் தன் 17-வது வயசில் முதல் முறை சாம்பியன் ஆனார் இல்லையா, அந்த 5 லட்சம் பவுண்ட் 2027 ஜனவரிப் போட்டி முடிஞ்சதும் அவர் ரேங்க் கணக்கிலிருந்து விழும். உலகத்தின் நம்பர் 1 ஆளுக்கும் அந்தத் தேதி இருக்கு. உங்களுடைய தேதி எது? இந்த வார இறுதியில் அந்த ஷீட்டைப் போட்டுப் பாருங்க. அடுத்த 24 மாசத்தில் உங்க வருமானத்திலிருந்து எவ்வளவு விழப்போகுதுன்னு தெரிஞ்சதும், எந்த ஈஎம்ஐக்குக் கையெழுத்துப் போடலாம், எதுக்கு வேண்டாம்னு உங்களுக்கே தெரியும்.

ஷீட் போடும்போது எந்த வருமானத்தை எந்தக் காலத்தில் எழுதணும்னு குழப்பம் வந்தா கமெண்ட்ல கேளுங்க, பதில் சொல்றேன்.